பழைய தெருவில் ஒரு புதிய கட்டடம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று யூனியன் செயலாளர் மெஸ்ஸில் வந்து கேட்டபோது, "சிவில்காரனுங்க எழுத என்ன இருக்கு? கான்கிரீட் கலவை விகிதம்தானே!" என்று எலக்ட்ரிக்கல் நண்பர் ஒருவர் கிண்டல் அடித்தார். கலவை விகிதம் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை எங்கள் குடும்பத்துச் சண்டையிலிருந்து கற்றுக்கொண்டேன். அதையே எழுதிவிடுகிறேன்.

எங்கள் அப்பாயி வீடு ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் இருக்கிறது. முகப்பு 18 அடி, நீளம் 110 அடி. ரயில் பெட்டி மாதிரி. தெருவை ஒட்டித் திண்ணை, அப்புறம் ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்னால் சமையற்கட்டு, கடைசியில் கொல்லை, கிணறு. மேலே மெட்ராஸ் டெரஸ். தாத்தா இருந்தவரை பாதித் திண்ணையில் பூஜைச் சாமான் கடை நடந்தது. இப்போது 'மிக்ஸ்டு யூஸ்' என்று நாம் பரீட்சையில் எழுதுகிறோமே, அது அந்தத் திண்ணையில் அறுபது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. பேர் மட்டும்தான் யாருக்கும் தெரியாது.

உத்திரம் செல்லரித்துவிட்டது. மழைக்காலத்தில் கூடத்தில் பாத்திரம் வைக்க வேண்டிய நிலை. எனவே சித்தப்பா இடித்துக் கட்டத் தீர்மானித்தார். தரைத் தளத்தில் கடை, முதல் மாடியை ஒரு பல் டாக்டருக்கு வாடகைக்கு விடுவது, இரண்டாம் மாடியில் நாங்கள். வருமானமும் வரும், வீடும் ஆகும். இதில் தப்பே இல்லை. ஆனால் டவுனிலிருந்து அவர் வரைந்து வாங்கிவந்த பிளானைப் பார்த்ததும்தான் எனக்குத் திக்கென்றது. தரையில் முழுக்கத் தூண்கள், கார் நிறுத்த இடம். முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி. கோயில் ஊர் ஆயிற்றே என்று இரண்டு ஓரத்திலும் சிமெண்டில் வார்த்த யாளித் தூண்! "பாரு, பாரம்பரியமும் இருக்கு, மாடர்னும் இருக்கு" என்றார் சித்தப்பா. அப்பாயி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, இதுல நான் எங்கய்யா உக்கார்றது?"

இந்தப் பிளானைத் திருத்துவதையே என் மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட் ஆக்கிக்கொண்டேன். டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை அளக்கக் கிளம்பியபோது எங்கள் ஆசிரியர், "வீடு எங்கேயும் ஓடிப் போகாது. முதல்ல தெருவை அளங்க" என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு நண்பர்களும் டேப், தூக்குக்குண்டு, டியூப் லெவல் சகிதமாக எங்கள் வரிசையில் பதினான்கு வீட்டு முகப்பை அளந்தோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் "ரோடு அகலப்படுத்தப் போறாங்களா தம்பி?" என்று பயத்தோடு கேட்டார்கள். இல்லை என்று சொன்னதும் மோர் கொடுத்தார்கள்.

அளந்து கோடு போட்டுப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. அந்த வீடுகள் எதுவும் ஒன்றுபோல் இல்லை. ஒரு வீட்டில் மரத்தூண், அடுத்ததில் சுதைப் பூவேலை, அதற்கடுத்ததில் எழுபதுகளின் மொசைக். ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வரிசையாகத்தான் தெரிகிறது. காரணம் நாலைந்து அளவுகள்தான். முகப்பின் அகலம் பெரும்பாலும் 16 அடியிலிருந்து 20 அடிக்குள். திண்ணை உயரம் இரண்டு, இரண்டரை அடி. அதன் ஆழம் மூன்றிலிருந்து நாலடி. திண்ணைக்கு மேல் நிழல் தரும் சார்ப்பு, கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில். கைப்பிடிச் சுவர் மட்டம். இவ்வளவுதான். யாளி எங்குமே இல்லை! யாளி கோயிலுக்குள் இருக்கிறது. வீட்டுக்கு அது வந்ததே கிடையாது. புதுக் கட்டடத்தில் ஒட்டவைத்தால் அது நாடக செட் மாதிரித்தான் நிற்கும்.

டவுனிலும் இதையே பார்க்கலாம். சாயங்காலம் மெயின் கார்டு கேட்டில் இறங்கித் தெப்பக்குளம் வழியாகச் சின்னக் கடைவீதிக்கு ஒரு நடை போய் வாருங்கள். கீழே கடை, மேலே குடித்தனம் அல்லது குடோன் என்று பழைய கட்டடங்கள் இன்னும் சில இருக்கின்றன. பத்தடிக்கு ஒரு வாசல், ஒரு வியாபாரம், ஒரு முகம். நடப்பவனுக்குச் சலிப்பே தட்டாது. மூன்று நான்கு மனையைச் சேர்த்து ஒரே கடையாக்கிய இடத்தில் அறுபது அடிக்கு ஒரே கதவு. மற்றதெல்லாம் கண்ணாடியும் விளம்பரப் பலகையும். அந்தப் பலகைக்குப் பின்னால்தான் 83 மீட்டர் உயரத்துக்கு நம் மலைக்கோட்டை நிற்கிறது. தலையைத் தூக்கித் தேட வேண்டியிருக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். உயரம் எவ்வளவு போகலாம் என்பதில் சித்தப்பாவுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. அது ஏன் 9 மீட்டர், அதனால் என்ன கிடைக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. பத்தாம் வகுப்புத் திரிகோணமிதி போதும், நாமே போட்டுப் பார்க்கலாம்.

ராஜகோபுரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். நம் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம் என்று வைத்தால், கண்ணுக்கு மேல் கோபுர உச்சி 70.5 மீட்டர். தெருவின் அகலத்தைக் கணக்குக்காக 10 மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். எதிர்ச் சாரியில் நின்று, இந்தச் சாரி வீட்டுக்கு மேலே கோபுரம் தெரிகிறதா என்று பார்க்கிறோம்.

பழைய ஒற்றை மாடி வீடு, கைப்பிடிச் சுவரோடு 4.5 மீட்டர். கண்ணுக்கு மேல் 3 மீட்டர். 3-ஐ 10-ஆல் வகுத்தால் 0.3. 70.5-ஐ 0.3-ஆல் வகுத்தால் 235. அதாவது கோபுரத்திலிருந்து 235 மீட்டர் தூரம் வரை நிற்பவனுக்கும் உச்சிக் கலசமாவது தெரியும். அதே இடத்தில் 9 மீட்டருக்கு நேர்ச்சுவராகக் கட்டினால், 7.5-ஐ 10-ஆல் வகுத்து 0.75, கோபுரம் தெரியும் தூரம் 94 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆக, 9 மீட்டர் வரம்புக்குள் கட்டினாலும் பாதிக்கு மேல் காட்சி போய்விடுகிறது!

ஆனால் அதே 9 மீட்டரை வேறு மாதிரி அடுக்கலாம். தெரு ஓரத்தில் இரண்டு தளம், 6 மீட்டர் உயரம் மட்டும். மூன்றாவது தளத்தைப் பின்னால் தள்ளிக் கட்டுவது. எவ்வளவு தள்ள வேண்டும்? முன் சுவருக்கு 4.5-ஐ 10-ஆல் வகுத்தால் 0.45. மேல் தளம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே ஒளிய வேண்டுமானால் 7.5-ஐ 0.45-ஆல் வகுக்க வேண்டும், 16.7 மீட்டர் வரும். தெரு அகலம் 10 போக மீதி 6.7 மீட்டர். அவ்வளவு பின்னால் தள்ளினால் எதிர்ச் சாரியில் நிற்பவனுக்கு மூன்றாவது தளம் இருப்பதே தெரியாது. கோபுரம் 157 மீட்டர் வரை தெரியும். எங்கள் மனை 110 அடி நீளம், அதாவது 33 மீட்டருக்கு மேல். 6.7 மீட்டரை விட்டுக்கொடுத்தாலும் அது மொட்டை மாடியாக நமக்கே கிடைக்கிறது. வடகம் காயப் போடலாம், தேர் பார்க்கலாம்.

இந்தக் கணக்கை செக்‌ஷனாக வரைந்து காட்டிய பிறகுதான் சித்தப்பா முதல் முறையாக, "ஓ, இப்படி ஒண்ணு இருக்கா" என்றார். எலிவேஷன் மட்டும் வரைந்து காட்டியிருந்தால் அவர் கண்ணாடியின் கலரைப் பற்றித்தான் பேசியிருப்பார். பழைய தெருவில் கட்டுகிறவர்கள் முதலில் வரைய வேண்டியது இந்தச் சாரியிலிருந்து அந்தச் சாரி வரை வெட்டிய குறுக்கு வெட்டுப் படம்தான் என்பது என் அபிப்பிராயம்.

ராஜகோபுரத்தைச் சொன்னதால் இன்னொன்று. பழைய ஊரில் புதுசு சேராது என்று வாதிடுபவர்கள் அந்தக் கோபுரத்தின் கதையை மறந்துவிடுகிறார்கள். அடித்தளத்தோடு சுமார் 400 ஆண்டுகள் நின்றுபோயிருந்த வேலை அது. அகோபில மடத்தின் 44-வது ஜீயர் முயற்சியில் 1979-ல் தொடங்கி, 13 நிலையாக முடிந்து, 1987 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. நம் அப்பா அம்மா காலத்துக் கட்டடம்! ஆனாலும் இன்று வருகிற வெளியூர்க்காரர் அதைப் புதுசு என்று சொல்லமாட்டார். கீழே பழைய கல்காரம் போட்டுவைத்த அகலத்துக்கும் சரிவுக்கும் மேலே வந்தவர்கள் கட்டுப்பட்டார்கள். ஸ்ரீரங்கம் கோயிலின் புனரமைப்பு வேலைக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. விருது கோயிலுக்கு; அதே மதில்களுக்குள் இருக்கும் வீடுகளுக்கு அப்படிக் கவனிப்பு எதுவும் கிடையாது. இடிபடுவது வீடுகள்தான்.

இப்போது தரைத் தளம். கார் நிறுத்தத்தைப் பற்றி வேறு யாரும் வாய் திறப்பதில்லை, நான் திறக்கிறேன். 18 அடி முகப்பில் இருபுறமும் 9 அங்குலச் சுவர் போனால் பதினாறரை அடி, அதாவது 5 மீட்டர். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம். இரண்டு கார் நிறுத்தினால் கதை முடிந்தது. படிக்கட்டுக்குப் போகவே வழி இல்லை. திண்ணை இல்லை, கடை இல்லை. தெருவுக்கு முகமே இல்லை. இருட்டான ஒரு வாய் மட்டும். வரிசையில் ஒரு வீடு இப்படி ஆனால் பொக்கைப் பல். பத்து வீடு ஆனால் அது தெருவே இல்லை, கொட்டகை. அதுவும் சித்தப்பாவிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர்!

என் மாற்றுத் திட்டம் இதுதான். அந்தப் பதினாறரை அடியில் பதினொன்றரை அடி கடை, 5 அடி நடை. கடைக்கு முன்னால் மூன்றடித் திண்ணை, பழைய உயரத்திலேயே. அதற்கு மேல் சார்ப்பு, பக்கத்து வீட்டுச் சார்ப்பு மட்டத்தில். 5 அடி நடை நேரே முற்றத்துக்குப் போகும்; ஸ்கூட்டர் சைக்கிள் எல்லாம் முற்றத்துக்கு அந்தப் பக்கம். முற்றத்தை ஸ்லாப் போட்டு மூடக் கூடாது. இரண்டு பக்கமும் பொதுச் சுவர், ஜன்னல் வைக்க முடியாது. 110 அடி நீளத்துக்கு வெளிச்சமும் காற்றும் வர அந்த ஒரு ஓட்டைதான் இருக்கிறது. அதை மூடிவிட்டு பகலிலும் ட்யூப் லைட் போட்டுக்கொண்டிருக்கும் வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

திண்ணை பழைய காலத்து ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் 1822-ல் போட்ட நகரத் திட்டத்திலேயே கடை வீடுகளுக்கு முன்னால் தொடர்ச்சியாக மூடிய நடைபாதை விட வேண்டும் என்று விதி. ஐந்தடி நடை என்று அதற்குப் பேர். நம் ஆட்கள் நிறைந்த சிராங்கூன் ரோடு வட்டாரமான லிட்டில் இந்தியாவை 1989-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். கீழே கடை நடக்கிறது, மழை வந்தால் நனையாமல் நடக்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுங்கள். அங்கே தமிழர் பகுதியில் வைசியாள் வீதியின் முகப்புகளைத் திண்ணையோடும் தாழ்வாரத்தோடும் சீர்செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அங்கே ஒரு வீட்டைத் தனியாகப் பார்க்கவில்லை, வீதி முழுவதையும் ஒன்றாகப் பார்த்தார்கள். நம் தெருவில் அது நடக்குமா என்றால், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக பிளான் போடும்வரை கஷ்டம்தான்.

அஸ்திவாரத்தைப் பற்றி எழுதாவிட்டால் சிவில் படித்து என்ன பிரயோஜனம்? ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. தோண்டினால் மணல். எங்கள் பொதுச் சுவரை ஒட்டிச் சின்னக் குழி வெட்டிப் பார்த்தோம். செங்கல், சுண்ணாம்புச் சாந்து, ஆழம் மூன்றே அடி. டவுன் பிளானில் தூண்கள் சுவரை ஒட்டி நிற்கின்றன, குழி ஆறடி. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நீளமாக ஆறடி தோண்டினால், பக்கத்து வீட்டுச் சுவருக்குக் கீழே இருக்கும் மணல் நம் குழிக்குள் வரும். அப்புறம் வக்கீல் நோட்டீஸ் வரும். சுவர் விழாமல் இருந்தாலே அதிர்ஷ்டம்.

எங்கள் ஆசிரியர் சொன்ன வழி: தூண்களை இரண்டு பக்கமும் மூன்றடி உள்ளே தள்ளு. பீமை அங்கிருந்து சுவர் வரை கான்டிலீவராக நீட்டு. எதிரெதிர்த் தூண் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபுட்டிங். தோண்டுவதையும் ஒரே நாளில் முழு நீளத்துக்குத் தோண்டாமல், ஒரு துண்டு தோண்டிக் கான்கிரீட் போட்டு, ஒன்று விட்டு அடுத்த துண்டு. செலவு கொஞ்சம் கூடும். கடைக்கு நடுவே தூண் வருகிறதே என்று சித்தப்பா முகம் சுளித்தார். தூணுக்கும் சுவருக்கும் இடையில் கிடைக்கும் மூன்றடி அலமாரிக்குத்தான் சரியான ஆழம் என்று வரைந்து காட்டினேன். தாத்தா கடையிலும் அப்படித்தான் இருந்ததாம், அப்பாயி சொன்னார்.

கடைசியாக, எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பற்றியது. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நம்மில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் எங்கள் தெருவில் பெரியவர்கள் இன்றும் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். மாடியில் ஆட்கள் கூடும் கட்டடத்துக்கு இறங்கும் வழி ஒன்றுதான் என்றால் அது என்ன ஆகும் என்பதை நம் ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் டவுன் பிளானில் 110 அடி நீளக் கட்டடத்துக்கு இரண்டே முக்கால் அடி அகலத்தில் ஒரே ஒரு படிக்கட்டு! முதல் மாடியில் பல் டாக்டரிடம் வந்து காத்திருக்கும் குழந்தைகள் எப்படி இறங்கும்?

பழைய வீட்டில் இதற்கும் விடை இருந்தது. கொல்லைக் கதவு, அதற்குப் பின்னால் சந்து. சந்தில் இப்போது மூன்று வீட்டுக்காரர்கள் கக்கூஸையும் தண்ணீர்த் தொட்டியையும் நீட்டிவிட்டார்கள், ஆனால் ஆள் போகலாம். நான் முற்றத்தருகில் நாலடிப் படிக்கட்டு ஒன்றும், கொல்லைப் பக்கம் இரும்புப் படிக்கட்டு ஒன்றும் வைத்தேன். கடைக்குள் புகுந்து மாடிக்கு ஏறும் வழி கிடையாது. கடையில் தீ என்றால் மாடிக்காரர்கள் கடை வழியாக இறங்க முடியாது அல்லவா? 5 அடி நடையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டால் இவ்வளவும் வீண். அதை எந்த டிராயிங்கிலும் தடுக்க முடியாது. சித்தப்பாவிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். யாளி போய்விட்டது. கண்ணாடி முதல் மாடியில் ஒரு ஜன்னல் அளவுக்குச் சுருங்கியது. கொல்லைப் படிக்கட்டுக்குச் சித்தப்பா வாதாடாமல் சம்மதித்தார். மூன்றாம் தளத்தை 6.7 மீட்டர் தள்ளச் சொன்னால், "ஒரு பெட்ரூம் போகுதேடா" என்று 4 மீட்டரில் பிடிவாதமாக நிற்கிறார். அவர் கணக்குப்படி கோபுரம் தெரியும் தூரம் 132 மீட்டர்தான் என்று போட்டுக் காட்டிவிட்டேன். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. கார்க்காரர்கள் வாடகைக்கு வரமாட்டார்கள் என்று ஒரு புரோக்கர் வேறு பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

திண்ணை மட்டும் பிளானில் ஏறிவிட்டது. மூன்றடி போதாது, கால் நீட்டிச் சாய மூணரை வேணும் என்று அப்பாயி சொன்னார். டேப்பை வைத்து அவர் உட்கார்ந்திருந்ததை அளந்தேன். மூணரைதான் சரி. டிராயிங்கில் திருத்திவிட்டேன்.